அட்டை தொலைந்தால் முதலில் பூட்டை மாற்று!

வீட்டுச் சாவி தொலைந்தால் என்ன செய்வோம்? முதலில் தேடுவோம். கிடைக்காவிட்டால் பூட்டை மாற்றுவோம். வங்கி அட்டை தொலைந்தால் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் பூட்டை மாற்ற வேண்டும். பிறகுதான் தேட வேண்டும். ஏன் அப்படி?

"இது பெரியவர்கள் விஷயம் அல்லவா?" என்று நீங்கள் நினைக்கலாம். 10 வயது நிறைந்தவர்கள் தங்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே கையாள வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-இல் அறிவித்தது. ஆகவே உங்களில் சிலரிடமே ஏ.டி.எம். அட்டை இருக்கலாம். இல்லாவிட்டாலும், வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியை அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ படித்துச் சொல்வது பல வீடுகளில் நீங்கள்தானே!

அட்டைக்குள் பணம் இல்லை

அட்டை என்பது ஒரு சாவி மட்டுமே. பணமும் பூட்டும் வங்கியின் கணினியில் இருக்கின்றன.

கடையில் உள்ள கருவியில் அட்டையைச் செருகியதும் ஒரு செய்தி புறப்படுகிறது. அது கடைக்காரரின் வங்கிக்குச் சென்று, ரூபே, விசா போன்ற ஓர் இணைப்பு வலையைக் கடந்து, அட்டையைக் கொடுத்த வங்கியின் கணினியை அடைகிறது. இந்த அட்டை செல்லுமா? ரகசிய எண் சரியா? கணக்கில் பணம் உண்டா? இவற்றையெல்லாம் சரிபார்த்து, அந்தக் கணினி சில விநாடிகளில் விடை அனுப்புகிறது.

இந்த விடைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 8583 என்ற உலகத் தரத்தில் எண்கள் உண்டு. 00 என்றால் சம்மதம். 51 என்றால் போதிய பணம் இல்லை. 55 என்றால் ரகசிய எண் தவறு. 41 என்றால் தொலைந்துபோன அட்டை. 43 என்றால் திருடப்பட்ட அட்டை.

நீங்கள் வங்கிக்குச் சொன்னதும் கணினியில் அந்த அட்டையின் எதிரே 'முடக்கப்பட்டது' என்ற குறிப்பு ஏறுகிறது. அந்த நொடி முதல், அட்டை உலகின் எந்த மூலையில் இருந்தாலும், வங்கியைக் கேட்கும் எந்தக் கருவியிலும் அது செல்லாக்காசு. அதைத் தேடிப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை!

இந்த வேகம் முன்பு இருந்ததில்லை. கடன் அட்டை பரவிய தொடக்க காலத்தில், தொலைந்த அட்டைகளின் எண்களைச் சிறு புத்தகமாக அச்சிட்டு அமெரிக்கக் கடைகளுக்கு அனுப்பினார்கள். கடைக்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். அடுத்த புத்தகம் வரும்வரை திருடனுக்குக் கொண்டாட்டம்தான்! பின்னாளில் விசா என்று பெயர் மாறிய நிறுவனம், 1973-இல் கணினி வழியே சம்மதம் கேட்கும் முறையைத் தொடங்கியது. அதன் பிறகே நிலைமை மாறத் தொடங்கியது.

திருடனுக்கு எத்தனை வாசல்கள்?

"ரகசிய எண் தெரியாமல் அவன் என்ன செய்துவிட முடியும்?" என்று பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு இலக்க எண்கள் 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000. மூன்று முறை தவறினால் பெரும்பாலான வங்கிகள் தடுத்துவிடும். ஆகவே குருட்டாம்போக்கில் அடித்தால் வாய்ப்பு 10,000-க்கு 3 மட்டுமே. ஆனால் பிறந்த தேதியையும் மாதத்தையும் ரகசிய எண்ணாக வைத்திருந்தால்? இருக்கக்கூடிய எண்கள் 366-ஆகச் சுருங்கிவிடும். அதே பர்சில் ஆதார் அட்டையும் இருந்தால், திருடனுக்கு ஊகிக்க வேண்டிய வேலைகூட இல்லை!

அது ஒரு வாசல். இன்னும் இரண்டு உண்டு. அட்டையைக் கருவியின் அருகே காட்டினாலே பணம் செலுத்தும் வசதியில், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமலே செலவிடலாம் என்று 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. மூன்றாவது, இணையம். நம் நாட்டு இணையக் கடைகள் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைப் போன்ற இரண்டாவது சோதனையைக் கேட்கின்றன. சில வெளிநாட்டுத் தளங்களோ அட்டை எண், காலாவதி நாள், பின்புறமுள்ள மூன்று இலக்க எண் ஆகியவற்றோடு திருப்தி அடைந்துவிடலாம். இம்மூன்றும் அட்டையின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன அல்லவா?

அட்டை பையில், ரகசியம் வெளியில்

அட்டை உங்கள் பையிலேயே இருக்கும். ஆனாலும் திருடு போயிருக்கும். இது எப்படி?

அட்டையின் பின்புறமுள்ள கறுப்புப் பட்டை ஒரு காந்த நாடா. பழைய ஒலிநாடாவைப் போல அதில் விவரங்கள் பதிந்துள்ளன. அவை எப்போதும் மாறுவதில்லை. ஆகவே ஒரு முறை படித்தவன் அதே போன்ற இன்னொரு பட்டையை உருவாக்கிவிடலாம். முன்புறமுள்ள பொன்னிறச் சில்லு அப்படியல்ல. அது ஒரு குட்டிக் கணினி. தனக்குள் உள்ள ரகசியச் சாவியைக் கொண்டு ஒவ்வொரு முறையும் ஒரு புதிய குறியீட்டைக் கணக்கிட்டுத் தருகிறது. நேற்றைய குறியீட்டைத் திருடினால் இன்று பயன்படாது.

2016 அக்டோபரில் இந்தியாவில் ஒரு செய்தி பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஏ.டி.எம். சேவை தரும் ஒரு நிறுவனத்தின் கணினி அமைப்புக்குள் தீய நிரல் ஒன்று புகுந்திருந்தது. சுமார் 32 லட்சம் அட்டைகளின் விவரங்கள் கசிந்திருக்கலாம் என்று அஞ்சப்பட்டது. அட்டைக்காரர்கள் இந்தியாவில் இருக்கும்போதே, சிலரது அட்டைகள் சீனாவிலும் அமெரிக்காவிலும் பயன்படுத்தப்பட்டதாகப் புகார்கள் வந்தன. பாரத ஸ்டேட் வங்கி மட்டும் சுமார் 6 லட்சம் அட்டைகளை முடக்கிப் புதிய அட்டைகள் தந்தது.

இதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். ரகசிய எண்ணை மட்டும் யாரோ பார்த்துவிட்டால், அதை மாற்றினால் போதும். அட்டை எண்ணே கசிந்துவிட்டால் ரகசிய எண்ணை மாற்றுவது போதாது. அட்டையை முடக்கி, புதிய எண்ணுடன் வேறு அட்டை வாங்க வேண்டும்.

செய்ய வேண்டியவை, வரிசைப்படி

1. முடக்குங்கள். வங்கியின் செயலி வழியாகவோ, உதவி எண் வழியாகவோ உடனே முடக்கலாம். கைபேசியும் சேர்ந்து தொலைந்திருந்தால் வேறொருவரின் தொலைபேசியிலிருந்து பேசுங்கள்; சிம் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள்.

2. புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்காடும்போது இதுதான் சாட்சி.

3. கணக்கைப் பாருங்கள். நீங்கள் செய்யாத செலவு ஒரு ரூபாயாக இருந்தாலும் விடாதீர்கள். அட்டை வேலை செய்கிறதா என்று திருடர்கள் சிறு தொகையில் சோதிப்பது உண்டு.

4. பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். வங்கிக்கு எழுத்து மூலமாகவும், காவல் துறைக்கும் புகார் கொடுங்கள். விரைவாகச் சொன்னால், பணம் மற்றொரு கணக்கிலிருந்து வெளியேறுமுன் தடுக்க முடியலாம்.

வேகத்துக்குச் சட்டமும் மதிப்பளிக்கிறது. 2017 ஜூலை 6-ஆம் நாள் ரிசர்வ் வங்கி ஒரு விதியை வெளியிட்டது. வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறு இல்லாமல், வேறோர் இடத்தில் நடந்த கசிவால் பணம் போனால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு நட்டம் ஏதும் கிடையாது. 4 முதல் 7 நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்காரர் ஏற்க வேண்டியது அதிக அளவாக 10,000 ரூபாய். ரகசிய எண்ணைத் தாமே பிறரிடம் சொன்னவர், புகார் தரும் வரையிலான முழு நட்டத்தையும் ஏற்க வேண்டும். புகாருக்குப் பிறகு நேரும் நட்டம் வங்கியுடையது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. ஆகவே இன்றைய விவரத்தை உங்கள் வங்கிக் கிளையில் கேட்டறியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. "வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் அட்டையை முடக்க ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால், பேசாமல் இணைப்பைத் துண்டியுங்கள். நாம்தான் வங்கியை அழைக்க வேண்டும்.

எந்த எண்ணில் அழைப்பது? உதவி எண் அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் அட்டைதான் போய்விட்டதே! பதற்றத்தில் இணையத்தில் தேடினால் மோசடிக்காரர்களின் போலி எண்ணும் கிடைக்கலாம். ஆகவே இன்று மாலையே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வோர் அட்டையின் பின்புறத்தையும் பார்த்து, வங்கியின் பெயரையும் உதவி எண்ணையும் மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அட்டை எண்ணையோ ரகசிய எண்ணையோ எழுதவே கூடாது. அந்தத் தாளை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி, வீட்டிலுள்ள எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.