ஃபிஷ்பிளேட்டில் மீன் எங்கே?

தண்டவாளங்களை இணைக்கிற ஃபிஷ்பிளேட்டுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று கொட்டகலையிலிருந்து ஒரு மாணவி எழுதிக் கேட்டிருக்கிறார். ஒரு சம்பந்தமும் இல்லை. பாய்க்கப்பல் காலத்தில் வெடித்த பாய்மரத்தோடு ஒரு கட்டையைச் சேர்த்து வரிந்து கட்டுவார்கள். அந்தக் கட்டைக்கு மாலுமிகள் வைத்த பெயர் ஃபிஷ். பொருத்துதல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. முறிந்த கைக்குப் பரியாரி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவாரே, அதே வித்தைதான்.

அந்த வித்தையை 1840களில் ரயிலுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் பிரிட்ஜஸ் ஆடம்ஸ் என்ற இங்கிலாந்துப் பொறியியலாளர். நம் மலைநாட்டில் ஹட்டனுக்கு ரயில் ஏறி வந்தது அதற்குப் பிறகு, 1884இல்.

பிளாட்பாரத்தில் நின்றபடியே தண்டவாளத்தின் பொருத்தைப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புப் பட்டைகள், ஊடே போல்ட்டுகள். என்னைக் கிறங்கடித்த விஷயம் இதுதான்: அந்தப் பட்டை தண்டவாளத்தின் நடுச்சுவரில் ஒட்டி உட்காருவதில்லை. அதன் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் சரிவாக இருக்கும். போல்ட்டை முடுக்க முடுக்க, தண்டவாளத்தின் தலைக்கும் அடிக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறங்கும். ரயிலின் பாரத்தைத் தாங்குவது பட்டை. போல்ட் பட்டையைப் பிடித்துக்கொள்ள மட்டும். ஆனால் அசையவே விடாத பிடி ஆகாது. 13 மீட்டர் இரும்பு, வெப்பம் 30 பாகை ஏறினால் சுமார் நாலரை மில்லிமீட்டர் நீளும். அதற்காகத்தான் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் இடைவெளி. போல்ட் துளைகளும் கொஞ்சம் பெரிசு. பட்டை துருவேறி இறுகிவிட்டால் நீள இடமின்றித் தண்டவாளம் பக்கவாட்டில் வளைந்துவிடும். அதனால்தான் கழற்றிக் கிரீஸ் பூசுகிறார்கள். நம் பாதையிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்துக்குள் வெயிலே இல்லை, அங்கே இந்த இழுபறி குறைவு.

நம் பாதை 44 அடிக்கு ஓர் அடி ஏறுகிற மலைப்பாதை. பிரேக் போட்டபடி இறங்கும் ரயில் தண்டவாளத்தையும் கொஞ்சங்கொஞ்சமாகக் கீழே தள்ளும். மேலே இடைவெளி விரியும், கீழே மூடிக்கொள்ளும். மழையிலும் அட்டைக்கடியிலும் நடந்து இதைச் சரிபார்க்கிறவர்களை யார் நினைக்கிறோம்? தடம் புரண்டால் மட்டும் டிரைவரைத் திட்டுகிறோம். பழைய இரும்புக் கடைக்குப் போல்ட்டைக் கழற்றிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை எனக்கு மன்னிக்கவே மனம் வராது.

ரயிலில் போகும்போது கேட்கிற ‘தடக் தடக்’ இந்தப் பொருத்து இடைவெளியின் சத்தம்தான் தங்கச்சி. தண்டவாளங்கள் 13 மீட்டர் நீளமாக இருந்தால், 47 வினாடிக்குள் உன் பெட்டிக்கடியில் ஒரே சக்கரம் எத்தனை பொருத்தைக் கடக்கிறது என்று எண்ணிப் பார். அத்தனை கிலோமீட்டர்தான் மணிக்கு ரயிலின் வேகம்.