பெயரோ ‘பை’... வெட்டினால் கேக்!

போன வருஷம் அக்கா மகளின் பிறந்த நாளுக்கு இந்த கேக்கை முதல்முறையாகச் செய்தேன். காலையில் அல்வா மாதிரி கெட்டியாக இருந்த கஸ்டர்ட், சாயங்காலம் வெட்டும்போது தண்ணியா வழிந்தது. “சித்தி, கேக் அழுவுது!” என்றாள் குட்டி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கஸ்டர்ட் கெட்டியானதும், கொதிக்க விடாமல் அவசரமாக இறக்கிவிட்டேன்.

இதன் பெயர் பாஸ்டன் க்ரீம் பை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து பார்க்கர் ஹவுஸ் ஓட்டல், ‘இது எங்கள் சமையலறையில் பிறந்தது’ என்று பெருமைப்படுகிறது. 1996-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வ இனிப்பாகவே அறிவித்துவிட்டது. இரண்டு அடுக்கு கேக், நடுவில் கஸ்டர்ட், மேலே சாக்லேட். அவ்வளவுதான்!

தேவையான பொருட்கள்

கேக்: மைதா 150 கிராம், சர்க்கரை 150 கிராம், வெண்ணெய் 100 கிராம், முட்டை 3, பேக்கிங் பவுடர் 1½ டீஸ்பூன், பால் 4 டேபிள்ஸ்பூன், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன்.

கஸ்டர்ட்: பால் 350 மி.லி., மஞ்சள் கரு 3, சர்க்கரை 60 கிராம், கார்ன்ஃப்ளார் 3 டேபிள்ஸ்பூன், வெனிலா சில துளிகள்.

மேல் பூச்சு: டார்க் சாக்லேட் 100 கிராம், ஃப்ரெஷ் க்ரீம் 100 மி.லி.

செய்முறை

முதலில் கஸ்டர்ட். மஞ்சள் கரு, சர்க்கரை, கார்ன்ஃப்ளார் மூன்றையும் கொஞ்சம் ஆறிய பாலில் கட்டியில்லாமல் அடியுங்கள். மீதிப் பாலைச் சூடாக்கி, அடித்துக்கொண்டே சிறிது சிறிதாக இதில் ஊற்றுங்கள். மறுபடி அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். குமிழ் வந்த பிறகும் கைவிடாமல் கிளறி, முழுசாக ஒரு நிமிஷம் கொதிக்க விடுங்கள். மஞ்சள் கருவில் உள்ள அமிலேஸ் என்ற என்சைம் மாவுச்சத்தைக் கரைத்துவிடும். கொதித்தால்தான் அது அடங்கும். முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமியும் சாகும். இறக்கி வெனிலா சேர்த்து, அகலத் தட்டில் பரப்பி, ஏடு கட்டாமல் பட்டர் பேப்பரால் மூடி, சூடு தணிந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

வெண்ணெய், சர்க்கரையை நுரைக்கக் குழைத்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். சலித்த மைதா, பேக்கிங் பவுடர், பால், எசென்ஸ் கலந்து, 8 அங்குல டின்னில் ஊற்றி, 180 டிகிரி ஓவனில் 30 முதல் 35 நிமிஷம் வேகவிடுங்கள். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் ரெடி.

கேக் நன்றாக ஆறிய பிறகே குறுக்கே இரண்டாக அறுத்து, நடுவில் கஸ்டர்டைப் பரப்புங்கள். சூட்டோடு வைத்தால் மேலடுக்கு வழுக்கிவிடும். க்ரீமைச் சூடாக்கி, நறுக்கிய சாக்லேட்டில் ஊற்றிக் கலக்கி, கொஞ்சம் ஆறியதும் மேலே வாருங்கள்.

ஆரோக்கியத்துக்கு...

* பால், முட்டை சேர்ந்த கஸ்டர்ட், கிருமிகளுக்கும் விருந்துதான். 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். கரன்ட் போய்ப் பல மணி நேரம் ஃப்ரிட்ஜ் ஓடவில்லையா? மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள்.
* மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.
* 12 துண்டு போட்டால், ஒன்றில் ஏறக்குறைய 300 கலோரி. சர்க்கரை நோயாளிகள் ஆசைக்கு ஒரு வாயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த வருஷமும் அதே கேக்தான் செய்தேன். ஒரு நிமிஷம் கொதிக்க விட்டேன். குட்டி தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சித்தி, இன்னிக்கு அழல!”