பாடசாலையின் புள்ளியும் பிள்ளையின் படிப்பும்

வீட்டு முகவரியை மாற்றினால் பிள்ளையின் படிப்பு உயர்ந்துவிடுமா? சென் ஜேம்ஸ் ரவுணில் குடியிருக்கும் தமிழ்ப் பெற்றார் பலரின் மனத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் கேள்வி இது.

ஷேர்போன், வெலஸ்லி, பார்லிமென்ற் வீதிகளையொட்டி 1960களில் எழுந்த 19 மாடிக்கட்டடங்களைக் கொண்டது இப்பகுதி. தனித்து வாழும் இளைஞரையும் இளந்தம்பதியரையும் எண்ணிக் கட்டப்பட்ட இவ்வீடுகளில், பின்னர் உலகின் பல பாகங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் குடியேறின. 1983ஆம் ஆண்டின் பின் இலங்கையிலிருந்து வந்த எம்மவர் பலருக்குக் கனடாவில் முதல் முகவரி இதுவே. வசதி வந்ததும் பலர் ஸ்காபரோவுக்கும் மார்க்கம் நகருக்கும் பெயர்ந்தனர். 'அங்கே நல்ல பள்ளிக்கூடம்' என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று.

அமெரிக்காவிலுள்ள உறவினர் சிலர், தங்கள் பிள்ளைகள் 'சாட்டர்' பாடசாலையில் படிப்பதாகக் கூறக் கேட்டிருப்போம். அரசாங்கப் பணத்தில் இயங்கினும், தனி நிர்வாகத்தின் கீழ் நடப்பவை அவை. மினசோற்றா மாநிலம் 1991இல் இதற்குச் சட்டம் இயற்றியது. கனடாவில் அல்பேர்ட்டா மாகாணம் 1994இல் இதற்கு இடமளித்தது. ஒன்ராறியோவில் இம்முறை இல்லை. இங்கு வழக்கமாக வீட்டு முகவரியே பொதுப் பாடசாலையைத் தீர்மானிக்கிறது. எனவே, இப்பகுதிப் பிள்ளைகள் றோஸ் அவெனியூ, வின்செஸ்ரர் போன்ற அயற் பாடசாலைகளிலோ, கத்தோலிக்க சபையின் பாடசாலையிலோ பயில்கின்றனர். பெற்றார் பாடசாலைகளை ஒப்பிட முற்படும்போது அவர்கள் கையில் அகப்படுவது மாகாணப் பரீட்சையின் பெறுபேறு ஒன்றே.

1996இல் நிறுவப்பட்ட ஈ.கியூ.ஏ.ஓ. என்னும் அலுவலகம் 3ஆம், 6ஆம் வகுப்புப் பிள்ளைகளை வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றிற் சோதிக்கிறது. பெறுபேறு நான்கு படிகளாகத் தரப்படும். 3ஆம் படி மாகாணத் தரம். 2ஆம் படி என்றால் பிள்ளை சித்தியெய்தவில்லை என்பதன்று. தரத்தை நெருங்குகிறது என்பதே பொருள். நூற்றுக்கு எத்தனை பிள்ளைகள் 3ஆம் படியை எட்டினர் என்பதே பாடசாலையின் புள்ளியாகப் பேசப்படுகிறது. பிரேசர் நிறுவனம் பாடசாலைகளை வரிசைப்படுத்துவதும் இப்பெறுபேறுகளைக் கொண்டே.

இப்புள்ளியை வாசிக்கும்போது சில விடயங்களை மனத்திற் கொள்ளுதல் நன்று. முதலாவது, எண்ணிக்கை. ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் பரீட்சை எழுதினால், நான்கு பிள்ளைகளின் பெறுபேறு மாறியதும் பாடசாலையின் புள்ளி பத்து ஏறும் அல்லது இறங்கும். ஓராண்டுப் புள்ளியைக் கண்டு மகிழ்வதற்கும் இடமில்லை, அஞ்சுவதற்கும் இடமில்லை.

இரண்டாவது, பரீட்சை எழுதுவோர் யார் என்பது. சென் ஜேம்ஸ் ரவுணில் குடும்பங்கள் வருவதும் போவதும் வழக்கம். 6ஆம் வகுப்பிற் சோதிக்கப்படும் பிள்ளை 5ஆம் வகுப்பின் நடுவில் விமானத்தால் வந்திறங்கிய பிள்ளையாகவும் இருக்கலாம். ஆங்கிலம் போதாமையால் விலக்களிக்கப்பட்ட பிள்ளையும் பல ஆண்டுகளாகத் தரத்தை எட்டாதவர் பக்கமே கணக்கிடப்பட்டு வந்தது. ஆசிரியர் எவ்வளவு உழைத்தார் என்பதை இந்த எண் காட்டாது.

மூன்றாவது, குடும்பத்தின் நிலை. அமெரிக்காவில் ஏறக்குறைய ஆறு இலட்சம் மாணவரை ஆராய்ந்த ஜேம்ஸ் கோல்மனின் 1966ஆம் ஆண்டு அறிக்கை, பாடசாலையின் வசதிகளைவிட வீட்டுப் பின்னணியே பெறுபேற்றை அதிகம் பாதிக்கிறது என்று கூறியது. ரொறன்ரோ கல்விச் சபையும் இதை உணர்ந்து, குடும்ப வருமானம், பெற்றாரின் கல்வி முதலியவற்றைக் கொண்டு பாடசாலைகளை வரிசைப்படுத்தி, தேவை கூடிய இடங்களுக்கு மேலதிக உதவி வழங்கும் முறையைக் கைக்கொண்டது.

ஆயினும், புள்ளி குறைவதற்குக் காரணம் உண்டு என்று கூறி வாளாவிருப்பது பிள்ளைக்கு நன்மை தராது. இங்கேதான் ரொறன்ரோவிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சி எம்மவர்க்குப் பயன்படும். பேராசிரியர் ஜிம் கமின்ஸ் இந்நகரப் பாடசாலைகளிற் பயின்ற குடிவரவாளர் பிள்ளைகளின் தகவல்களை ஆராய்ந்து, 1981இல் ஒரு முடிவை வெளியிட்டார். வந்த பிள்ளை இரண்டு ஆண்டுகளிற் சரளமாக ஆங்கிலம் பேசப் பழகிவிடும். பாடநூலை விளங்கி எழுதும் ஆங்கிலத்தில் உடன் பயில்வோரை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும் என்பதே அது.

பெற்றார் ஏமாறும் இடம் இதுவே. மகள் லிப்ரில் அயலவரோடு கனடியப் பிள்ளையைப்போற் பேசுகிறாள் என்று பூரித்து, ஆங்கில உதவி வகுப்பு இனி வேண்டாம் என்கிறார்கள். அவளோ சமூகவியற் புத்தகத்தின் ஒரு பக்கத்தை விளங்காமல் திண்டாடுகிறாள். மகன் இரண்டாம் ஆண்டிலும் குறைந்த புள்ளி பெற்றால், மந்தமான பிள்ளை என்று வீட்டிலேயே முத்திரை குத்திவிடுகிறார்கள். இரண்டும் தவறு. அவனுக்குத் தேவை காலமும் உதவியுமே.

வீட்டில் தமிழை நிறுத்தினால் ஆங்கிலம் விரைந்து வரும் என்பதும் பிழையான எண்ணம். தாய்மொழியில் வாசித்து விளங்கும் ஆற்றல் இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்பது கமின்ஸின் மற்றொரு முடிவு. ஒன்ராறியோ 1977இல் தொடங்கிய மரபு மொழித் திட்டத்தின் வழியே தமிழ் வகுப்புகள் பாடசாலைகளில் இடம்பெற்றன. வாரத்தில் இரண்டரை மணி நேரம் தமிழுக்குச் செலவிடுவது ஆங்கிலத்துக்கு நட்டமன்று.

பெற்றார் செய்யக்கூடியவை பல உண்டு. மாகாணப் பெறுபேற்றைவிட, பெப்ரவரியிலும் யூனிலும் வீட்டுக்கு வரும் அறிக்கையைக் கவனமாக வாசிக்க வேண்டும். அதிலுள்ள பொறுப்பு, ஒழுங்கு, தானே முயலுதல் முதலிய பழக்கங்களுக்கான மதிப்பீடும் முக்கியமானது. ஆசிரியரைச் சந்திக்கும் நாளன்று, 'என் பிள்ளை வாசிப்பில் எந்தப் படியில் நிற்கிறது? அடுத்த படிக்கு என்ன உதவி கிடைக்கும்?' என்று இரண்டு கேள்விகளையேனும் கேட்க வேண்டும். மொழி தடையெனில் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கோரலாம். ஒவ்வொரு பாடசாலையிலும் பெற்றார் பெரும்பான்மையாக அமரும் பாடசாலைக் குழு உண்டு. இரவு வேலையும் இரட்டை வேலையும் செய்வோர்க்கு நேரமின்மை உண்மையே. எனினும் ஒரே கட்டடத்தில் வாழும் குடும்பங்கள் முறைவைத்துச் சென்று, கேட்டதை மற்றவர்க்குக் கூறலாம்.

வீடு மாறுவது அவரவர் வசதியைப் பொறுத்தது. ஆனால் மாறும் முன், இப்போதுள்ள பாடசாலையின் வகுப்பறைக்குள் ஒருமுறை சென்று ஆசிரியரோடு பேசிப் பார்ப்பது பெற்றாரின் கடமை.