பிஞ்சு உதிருதா? தேனீ வருதான்னு பாருங்க!

மாடியில் பூசணிக்கொடி தளதளவென்று படர்ந்திருக்கும். பூவும் நிறையப் பூக்கும். ஆனால், கோலிக்குண்டு அளவுப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். சென்னை, கோவை போன்ற நகரங்களில் மாடித்தோட்டம் போட்டவர்கள் பலரும் சொல்லும் குறை இது. உரம் போதவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி உரம் வைப்பார்கள். பல நேரங்களில் குறை இருப்பது உரத்தில் அல்ல, மகரந்தச் சேர்க்கையில்.

பூசணி, பாகல் கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. விடியலில் விரியும் பூசணிப் பூ, நண்பகலுக்குள் சுருங்கிவிடும். அதற்குள் தேனீ வந்து போனால்தான் காய் பிடிக்கும். சுரையும் புடலையும் மாலையில் பூப்பவை. அவற்றைத் தேடி இரவில் அந்துப்பூச்சிகள் வரும். கத்திரிப் பூவின் மகரந்தம், பூவைப் பிடித்து அதிரவைத்தால்தான் நன்றாக உதிரும். அடுக்குத்தேனீக்கு அது வராது. மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டு அதைச் செய்யும்.

இவற்றை வரவழைக்கப் பெரிய செலவில்லை. துளசி, சூரியகாந்தியோடு கொத்தமல்லியிலும் நாலு செடியைப் பறிக்காமல் பூக்கவிடலாம். தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தால் தேனீ மூழ்காமல் குடிக்கும். கொசு பெருகாமலிருக்க, தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். பூங்காக்களில் ஓரத்துத் தும்பையைச் செதுக்காமல் விட்டாலே போதும். சுவர்ப் பொந்தில் இருக்கும் கொசுத்தேனீக்குக் கொடுக்கு கிடையாது. பூச்சு வேலையின்போது அந்தப் பொந்தை அடைக்காமல் விடலாம்.

வேப்பெண்ணெய்க் கரைசலாக இருந்தாலும், பூவில் படாமல் பொழுது சாய்ந்த பிறகே தெளிக்க வேண்டும். கிளையில் சின்னதாக ஒற்றை அடை கட்டியிருந்தால் அது கொம்புத்தேனீ. சீண்டாதவரை தொல்லை தராது. பயந்துபோய் தீ வைத்துவிட்டால் அந்தத் தெருவுக்கே காய்ப்பு குறையும். மலைத்தேனீ மட்டும் கூட்டமாகத் துரத்திக் கொட்டும். அதன் அடையில் கல்லெறியாமல், விவரம் தெரிந்தவர்களை அழைத்து அகற்றுவதே நல்லது.

தேனீ வரத் தொடங்கும்வரை கையாலும் சேர்க்கை செய்யலாம். காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். நாலைந்து நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்கினால், உரம் குறையில்லை என்பது தெரிந்துவிடும்.

கிராமத்துத் தோட்டத்துக்கும் இதே கணக்குதான். பூ பூத்திருக்கும் நேரத்தில் காலையில் மருந்தடித்தால், காய்ப்பைக் கொடுக்கும் தேனீதான் முதலில் சாகும்.