குடிசைக்கு ரூ.8 ஆயிரம்: புயல் கணக்கில் விடுபடும் சேரிகள்

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், நகராமல் பல மணி நேரம் நம் தலைக்கு மேலேயே நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் இங்கே கொட்டித் தீர்த்த மழை ஏறத்தாழ 48 செ.மீ. அதற்கு முந்தைய சாதனை, 2004 அக்டோபர் 31இல் பதிவான 21 செ.மீ.தான். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீடுகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. ராணுவம் வந்து மக்களை மீட்டது. அடுத்த இரண்டு நாள்களில், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து, புதுவையின் நெற்களஞ்சியமான பாகூர் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தது.

மழை எல்லோர் வீட்டிலும்தான் பெய்தது. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு யார் எவ்வளவு சீக்கிரம் எழுந்து நின்றார்கள் என்பதில்தான் வேறுபாடு தெரிகிறது. மாடி வீட்டுக்காரர் தரையைக் கழுவி, கெட்டுப்போன குளிர்பதனப் பெட்டியை மாற்றினார். வாய்க்கால் ஓரத்தில் கீற்று வேய்ந்த குடிசையில் இருந்தவருக்குக் கூரை போனது, சுவர் கரைந்தது. அரிசி, துணிமணி, பிள்ளைகளின் பாடப் புத்தகம், ரேஷன் அட்டை எல்லாம் ஒன்றாக நனைந்தன. வேலையும் இல்லை.

காலனி, பேட் என்று ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் நம் குடியிருப்புகள் பல, ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் வாய்க்கால் புறம்போக்கிலும் இருப்பது தற்செயல் அல்ல. மேட்டு நிலம் ஊருக்கு, தண்ணீர் தேங்கும் இடம் சேரிக்கு என்பது தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த ஒதுக்கீடு. வெள்ளம் வரும்போது அந்த ஒதுக்கீட்டின் விலையை நாம்தான் கொடுக்கிறோம்.

விதிமுறையில் இருக்கும் ஓட்டைகள்

இழப்பீட்டுக்கான அடிப்படை, மத்திய அரசு மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு வகுத்துள்ள விதிமுறை. 2022-26 காலத்துக்கான அந்த விதிமுறைப்படி, சமவெளிப் பகுதியில் கான்கிரீட் வீடோ மண்சுவர் வீடோ முழுவதும் இடிந்தால் ரூ.1,20,000. குடிசை என்றால், சேதமானாலும் அடியோடு அழிந்தாலும் ரூ.8,000. அதாவது பதினைந்தில் ஒரு பங்கு. கீற்றும் மூங்கிலும் கயிறும் வாங்கி, ஆள் கூலியும் கொடுத்தால் அந்தத் தொகை எத்தனை நாள் தாங்கும் என்பது குடிசை கட்டியவர்களுக்குத் தெரியும்.

அதே விதிமுறையில் ஒரு குறிப்பும் இருக்கிறது. சேதமடைந்த வீடு, உரிய அதிகாரியால் சான்றளிக்கப்பட்ட அனுமதி பெற்ற கட்டுமானமாக இருக்க வேண்டும். புறம்போக்கில் இரண்டு தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா கிடைக்காதவர் இந்த ஒரு வரியால் பட்டியலை விட்டு வெளியே போய்விடக்கூடும். ஒரே குடிசையை மண்சுவர் வீடு என்று எழுதுவதா, குடிசை என்று எழுதுவதா என்பதைக் கணக்கெடுக்க வருபவர்தான் முடிவு செய்கிறார். அவர் எழுதும் ஒரு சொல்லில் ஒரு லட்சத்து 12 ஆயிரம் ரூபாய் வித்தியாசம்.

விவசாயத்திலும் இதே கதைதான். ஃபெஞ்சலுக்குப் பிறகு புதுச்சேரி அரசு பயிர்ச் சேதத்துக்கு ஹெக்டேருக்கு ரூ.30,000 அறிவித்தது. அது நிலத்தில் பயிர் வைத்தவருக்கான பணம். அந்த வயலில் நாற்று நட்டு, களை பறித்து, அறுப்பை நம்பியிருந்த பெண்களின் இழந்த கூலிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோதும் இதைத்தான் பார்த்தோம். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தோப்புக்காரருக்கு மரக்கணக்கு இருந்தது. அந்தத் தோப்பில் கொட்டை பொறுக்கிப் பிழைத்தவர்கள், புதுக் கன்று வளர்ந்து காய்க்கும் வரை வேலைக்கு எங்கே போவது?

ரேஷன் அட்டை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரூ.5,000 என்று முதல்வர் ரங்கசாமி அறிவித்தது நல்ல ஏற்பாடு. அதில் சாதி பார்க்க வழியில்லை. ஆனால் ஒரே குடிசையில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே அட்டையில் இருந்தால் கிடைப்பது ஒரு ஐயாயிரம்தான். அட்டையே இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை.

சாட்சி சொல்ல ஆள் இல்லை

கணக்கெடுப்பில் பெயர் விட்டுப்போனால் யாரிடம் போய் நிற்பது? மற்ற மாநிலங்களில் வார்டு உறுப்பினர் இருப்பார். இங்கே 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த உறுப்பினர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. தானே வந்தபோதும் சரி, ஃபெஞ்சல் வந்தபோதும் சரி, நகராட்சியிலும் கொம்யூன் பஞ்சாயத்திலும் நம் தெருவுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இல்லை. பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட வேண்டிய வார்டு இடங்களும் அதோடு போயின. தெருவை அறிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, “இது இன்னார் வீடு, இத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறார்கள்” என்று சொல்ல முடியாத கணக்கெடுப்பில், குரல் குறைந்தவர்தான் முதலில் விடுபடுவார்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் நாகை மாவட்டத்தில் தலித் மக்கள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும், குடிநீர் எடுக்கத் தடுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. வெளிநாட்டிலும் இதுதான் நிலை. 2005இல் கத்ரீனா புயல் அழித்த அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், வீடு கட்டும் உதவித்தொகை புயலுக்கு முந்தைய சந்தை மதிப்பை வைத்தும் கணக்கிடப்பட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டு மதிப்பு குறைவு. அதனால் கட்டும் செலவு ஒன்றாக இருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2011இல் 6.2 கோடி டாலர் தர அரசுத் தரப்பு சமரசத்துக்கு வந்தது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லியே பாகுபாடு காட்ட முடியும் என்பதை அந்த வழக்கு உலகுக்குக் காட்டியது.

நம் கையில் இருக்கும் சட்டம்

நமக்கும் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 61ஆவது பிரிவு: பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது. நிவாரணம் அரசு போடும் பிச்சை அல்ல. பாகுபாடின்றிப் பெற வேண்டிய உரிமை.

அடுத்த பருவமழைக்கு முன்பே செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு காலனியிலும் படித்த பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து, வீடு வீடாக ஒரு பட்டியல் எடுக்கலாம். வீட்டின் வகை, குடியிருக்கும் ஆண்டுகள், குடும்பங்களின் எண்ணிக்கை, மின் இணைப்பு எண், வீட்டின் புகைப்படம் ஆகியவை அதில் இருக்கட்டும். அதன் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும். ஃபெஞ்சல் நிவாரணம் பெற்றவர் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ரேஷன் அட்டையைப் பிரிக்க வேண்டிய குடும்பங்கள் இப்போதே விண்ணப்பிப்பது நல்லது.

அரசு செய்ய வேண்டியவை இதைவிடப் பெரியவை. புறம்போக்கில் நெடுநாள் குடியிருப்பவர்களுக்கு மேடான இடத்தில் மனைப்பட்டா வேண்டும். கீற்றுக்குப் பதில் கல்வீடு வேண்டும். கூலி இழந்தவர்களுக்கு நிவாரணக் கணக்கில் இடம் வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் நடக்க வேண்டும். ஊசுடு, திருபுவனை, ஏம்பலம், நெட்டப்பாக்கம், நெடுங்காடு என ஐந்து தனித் தொகுதிகள் நம் ஒன்றியப் பிரதேசத்தில் உள்ளன. அந்த ஐந்து உறுப்பினர்களும் சட்டப்பேரவையில் எழுந்து கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஃபெஞ்சல் புயலில் எத்தனை குடிசைகள் கணக்கில் வந்தன, எத்தனை விடுபட்டன?