உப்பங்கழியும் வாந்திபேதியும்

அழுகும் தழையிலிருந்து எழும் துர்வாயுவே கொள்ளைநோய்க்கு மூலகாரணம் என்று நம்பிய பழைய வைத்தியர்கள், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுரபுன்னை மரங்கள் சேற்றில் வேரூன்றி நிற்கும் பிச்சாவரத்துக் கழிகளைக் கண்டிருந்தால், அங்கே ஒரு நாழிகையும் தங்கத் துணிந்திருக்க மாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய சர்க்காரின் சுகாதார ஆணையராக இருந்த கனிங்ஹாமும், காற்றையும் மண்ணையும் காரணங்காட்டி, வாந்திபேதி தொற்றுநோய் அன்று என்றே சாதித்து வந்தார். அதே சர்க்காரின் கீழ்ச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய கார்னிஷ், தென்னிந்தியக் காலராவைப் பற்றி 1871-இல் வெளியிட்ட நூலில், நோய் மனிதரின் போக்குவரவோடு சேர்ந்தே பரவுகிறது என்று வாதித்து, மேலிடத்தின் கருத்துக்கு மாறுபட்டு நின்றார். அந்தத் துணிவை நாம் போதிய அளவு போற்றவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஜான் ஸ்னோ 1854-இல் லண்டன் பிராட் தெருவில், காலராவால் இறந்தோர் எந்தப் பம்பின் நீரைக் குடித்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்ததும், ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவின் குளத்து நீரில் கமா வடிவக் காலராக் கிருமியைக் கண்டதும் பலரும் அறிந்தவை. கிருமி அகப்பட்ட மகிழ்ச்சியில் வைத்திய உலகம் இடத்தை மறந்தது. ஒரு கொள்ளைக்கும் அடுத்த கொள்ளைக்கும் இடைப்பட்ட காலத்தில் அக்கிருமி எங்கே வாசம் செய்கிறது என்ற வினாவோ நெடுநாள் விடையின்றி நின்றது.

ரீட்டா கால்வெல் முதலியோர் 1970-க்குப் பின் செய்த ஆராய்ச்சிகள், உவர்நீர்க் கழிமுகமே அதன் இயற்கை இருப்பிடம் என்றும், கோபிபாட் என்னும் மிகச் சிறிய நீர்ப்பிராணிகளின் மேல் அது ஒட்டி வாழ்கிறது என்றும் காட்டின. (கழிநீரில் வாழும் இவ்வினக் கிருமிகளுள் பெரும்பாலானவை காலரா நஞ்சு அற்றவை, ஆதலால் பிச்சாவரத்துக்குப் படகேறச் செல்வோர் அஞ்ச வேண்டுவதில்லை.) பிச்சாவரத்துக்கு வடக்கே, பறங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும், காலராக் கிருமிக்கு உறவான, மீன் உணவின் வழியே வயிற்றுப்போக்கை உண்டாக்கும் மற்றொரு விப்ரியோக் கிருமியை அவ்வூர் நீரில் தேடினார்கள். அப்பணியில் ஈடுபட்டிருந்த பாலகிருஷ் நாயர், பின்னாளில் கல்கத்தா காலரா ஆய்வு நிலையத்திலிருந்து, 1992-இல் சென்னையில் தலைகாட்டிய ஓ139 என்ற புதுவகைக் காலராவைத் தம் குழுவினரோடு உலகுக்கு அறிவித்தார். பழைய காலராவால் பெற்ற எதிர்ப்பாற்றல் அதன்முன் பயன்படாமையால், குழந்தைகளைவிடப் பெரியவர்களே அதற்கு மிகுதியாக இரையாயினர்.

இடத்தை மீண்டும் நோக்கியதன் பயனை வங்கதேசக் கிராமங்களிலே காணலாம். துவைத்துத் துவைத்து நூல் நெருங்கிய பழைய சேலையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீர் வார்த்தால், கோபிபாடும் அதன் மேல் ஒட்டிய கிருமிகளும் துணியிலே தங்கிவிடுகின்றன. அவ்வாறு வடித்துக் குடித்த ஊர்களில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003-இல் கால்வெல் குழுவினர் வெளியிட்டனர்.