குற்றம் சர்வரிலா, பிரவுசரிலா?

நவம்பர் பிறந்துவிட்டால் சீர்காழி வட்டாரத்தில் எல்லோர் வாயிலும் ஒரே தேதிதான்: பதினைந்து. சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய டெல்டாவில் வழக்கமாக அறிவிக்கப்படும் கடைசி நாள் அது. காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் விவசாயி கட்ட வேண்டிய பங்கு. சிட்டா, வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்ட அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கொள்ளிடத்திலிருந்தும் திருமுல்லைவாசலிலிருந்தும் திருவெண்காட்டிலிருந்தும் வருகிறவர்கள் பொதுச் சேவை மையங்களில் காத்திருக்கிறார்கள். மதியம் திரும்பும் நேரத்தில் பதில் வருகிறது: “சர்வர் இல்லீங்க ஐயா, நாளைக்கு வாங்க.”

நாளைக்கு என்ற அந்தச் சொல்லில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. நட்ட பயிர் எங்கே, வரப்பு எங்கே என்று தெரியாமல் வயல் முழுவதும் வெள்ளம். வழக்கமான கெடுவுக்கு அப்போது நான்கே நாள்தான் பாக்கி.

சர்வர் உண்மையிலேயே திணறும் நாட்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் திறக்காத ஒவ்வொரு பக்கத்துக்கும் சர்வர்தான் காரணம் என்று நம்பிவிடுகிறோம். அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவருடன் ஒரு விண்ணப்பம் போட நானும் ஒரு சேவை மையக் கடைக்குப் போயிருந்தேன். எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாயிற்று, கடைசியில் அழுத்த வேண்டிய பொத்தானைக் காணவில்லை. “சைட்டே இப்படித்தான் சார், படுத்துது” என்றார் கடைத் தம்பி. அதே பக்கத்தை என் கைப்பேசியில் திறந்தேன். பொத்தான் இருந்தது. கடைக் கணினியில் இருந்தது விண்டோஸ் 7. அதில் ஓடக்கூடிய கடைசி குரோம் பதிப்பு 109, அதுவும் 2023 ஜனவரியில் வந்தது. அதன் பிறகு வந்த புதிய அம்சங்களைக் கொண்டு எழுதப்பட்ட பக்கங்களை அந்தக் குரோமால் முழுதாகக் காட்ட முடியாது. பெரியவர் இரண்டு நாளாக அலைந்திருந்தார். சர்வரின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பிரவுசர் என்பது வாசிக்கும் கருவி. பக்கத்தை எழுதுகிறவர் எங்கோ இருக்கிறார், வாசிக்கும் கருவி நம் கையில் இருக்கிறது. இருவருக்கும் பொதுவான இலக்கணம் வேண்டும் அல்லவா? அந்த இலக்கணத்தைத்தான் 1994-ல் தொடங்கப்பட்ட உலகளாவிய வலைக் கூட்டமைப்பும் அதையொத்த பிற அமைப்புகளும் வகுத்துத் தருகின்றன. வலைத் தரநெறிகள் என்பவை அவைதாம். நெல் கொள்முதல் நிலையத்தின் ஈரப்பதமானியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூட்டை நெல்லுக்கு ஒரு நிலையத்தில் 17 சதவீதமும் அடுத்த ஊர் நிலையத்தில் 21 சதவீதமும் காட்டினால் விவசாயி ஒப்புக்கொள்வாரா? கருவியைச் சோதிக்கச் சொல்லிச் சண்டை போடுவார். ஒரே பக்கத்தை ஒரு பிரவுசர் சரியாகவும் இன்னொன்று பொத்தான் இல்லாமலும் காட்டும்போது நாம் சண்டை போடுவதில்லை. அதையும் சோதிக்க முடியும் என்பது தெரியாததுதான் காரணம்.

அந்தச் சோதனைகளுக்குக் கால் நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. ‘ஆசிட்’ என்ற பெயரில் முதல் சோதனைப் பக்கம் 1998-ல் வந்தது. 2005-ல் வந்த இரண்டாவது சோதனையில், தரநெறியைச் சரியாகப் படிக்கும் பிரவுசரில் ஒரு சிரிக்கும் முகம் தெரியும். சரியாகப் படிக்காவிட்டால் முகம் சிதறிக் கிடக்கும். வெளியான அன்று எந்தப் பிரவுசரிலும் அந்த முகம் ஒழுங்காகத் தெரியவில்லை. 2008-ல் வந்த மூன்றாவது சோதனை நூற்றுக்கு மதிப்பெண் போட்டது. உலகமே பயன்படுத்திக்கொண்டிருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதன் எட்டாம் பதிப்பில் வாங்கிய மதிப்பெண் 20. இத்தனை காலம் பக்கங்கள் ஏன் உடைந்தன என்பதற்கு அந்த எண்ணே ஒரு விளக்கம். அந்தப் பழைய சோதனையை இன்றைய அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. தரநெறிகள் மாறிவிட்டதால் இப்போதைய நல்ல பிரவுசர்கள்கூட அதில் முழு மதிப்பெண் எடுப்பதில்லை. இன்று நடப்பில் இருப்பது வலைத்தளச் சோதனைத் தொகுப்பு என்னும் பொதுச் சொத்து. லட்சக்கணக்கான உட்சோதனைகள் கொண்டது. போட்டி நிறுவனங்களான ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொஸில்லா நான்குமே அதற்குப் பங்களிக்கின்றன. எந்தப் பிரவுசர் எதில் தேறியது, எதில் தவறியது என்ற முடிவுகளை யாரும் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐபோனுக்குள் வேறொரு பிரவுசர் எஞ்சின் நுழைய வேண்டுமென்றால் இந்தத் தொகுப்பில் குறைந்தது 90 சதவீதம் தேற வேண்டும் என்று ஆப்பிள் நிபந்தனை வைத்திருக்கிறது. பொறியாளர்களின் மதிப்பெண் இன்று சந்தைக்குள் நுழையும் அனுமதிச் சீட்டாகவே ஆகிவிட்டது.

ஒரே பிரவுசருக்கு ஒரு நாடு அடிமைப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா சாட்சி. தொண்ணூறுகளின் இறுதியில் வங்கிப் பாதுகாப்புக்கென்று அங்கே கொண்டுவந்த ஏற்பாடு, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் இயங்கும் துணைநிரலை நம்பியிருந்தது. வேறு பிரவுசர் வைத்திருந்தவரால் சொந்தப் பணத்தைக்கூட இணையத்தில் பார்க்க முடியவில்லை. அதற்கு அடிப்படையாக இருந்த சான்றிதழ் முறையைச் சட்டத்தைத் திருத்தி நீக்க 2020 டிசம்பர் ஆயிற்று. நம் நாட்டிலும் டெண்டர் தளங்கள், டிஜிட்டல் கையொப்பம் கேட்கும் தளங்கள் பல நெடுங்காலம் “இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கவும்” என்று எழுதி வைத்திருந்தன. அந்தப் பிரவுசருக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல் முடிவு கட்டியது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வேதனை முன்பே பழக்கம். தொண்ணூறுகளிலும் அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலும் தமிழ் இதழ்களின் தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு எழுத்துரு வைத்திருந்தன. ஒன்றின் ‘க’ இன்னொன்றில் பூச்சி எழுத்தாகத் தெரியும். சீர்காழிக்குப் பன்னிரண்டு பெயர் உண்டு, எந்தப் பெயரில் அழைத்தாலும் ஊர் ஒன்றுதான். எழுத்துக் குறியீட்டில் அப்படி நடக்கவில்லை. பெயர் மாறினால் எழுத்தே தொலைந்தது. பழைய பட்டன் போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தபோது, ஓபரா மினி என்ற பிரவுசரின் அமைப்புக்குள் போய் ஒரு தெரிவை மாற்றி, எழுத்தைப் படமாக வரவழைத்துப் படித்தவர்கள் இன்றும் அதை நினைவில் வைத்திருப்பார்கள். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடையும் டேஸ்-16 என்ற எழுத்துக் குறியீட்டையும் தமிழ்நாடு அரசு தன் தரமாக ஆணையிட்டு அறிவித்தது. இன்று சாதாரண கைப்பேசியில் தமிழ் தெரிகிறதென்றால் தரநெறி வென்றது என்று பொருள்.

இப்போது நம் பக்கத்திலிருந்தே ஒரு பிரவுசர் வந்திருக்கிறது. சோஹோ நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட அதன் பெயர் ‘உலா’. சீர்காழியின் திருஞானசம்பந்தர் மேல் நம்பியாண்டார் நம்பி திருவுலாமாலை பாடியிருக்கிறார், அதனால் இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல் அந்நியமில்லை. மத்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023-ல் அறிவித்த இந்தியப் பிரவுசர் போட்டியில் சோஹோ முதலிடம் பெற்றதாக 2025 மார்ச்சில் முடிவு வந்தது. பரிசு ஒரு கோடி ரூபாய். பெருமைதான். நம்முடையது என்பதாலேயே கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்பது என் எண்ணம். உலாவின் அடியில் ஓடுவது குரோமியத்தின் எஞ்சின். குரோம், எட்ஜ், பிரேவ் எல்லாவற்றிலும் அதுவேதான். ஆகவே பக்கத்தைக் காட்டும் விதத்தில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இராது. வேலைக்கு, வீட்டுக்கு, குழந்தைக்கு என்று தனித்தனி முறைகள் வைத்து உங்கள் தகவலை எப்படிக் காக்கிறது என்பதில்தான் உலாவை மதிப்பிட வேண்டும். இன்னொரு கவலையும் இதில் இருக்கிறது. எல்லோரும் ஒரே எஞ்சினில் சோதித்துவிட்டு “சரியாக இருக்கிறது” என்று கைகழுவினால், ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவரும் ஐபோனில் சஃபாரி வைத்திருப்பவரும் வெளியே நிற்பார்கள். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலம் வேறு பெயரில் திரும்பி வரும்.

நீங்களே என்ன சோதிக்கலாம்? முதலில் பிரவுசரின் பதிப்பு எண்ணைப் பாருங்கள். மெனுவில் ‘அபவுட்’ என்ற இடத்தில் இருக்கும். பக்கம் திறக்கவில்லையென்றால் அதே முகவரியை வேறு எஞ்சின் கொண்ட பிரவுசரில், அதாவது குரோமில் பார்த்ததை ஃபயர்ஃபாக்ஸில், திறந்து பாருங்கள். இரண்டிலும் திறக்காவிட்டால் சர்வராகவோ இணைய இணைப்பாகவோ இருக்கலாம். ஒன்றில் மட்டும் உடைந்தால் பழுது பக்கத்திலோ பிரவுசரிலோதான். எழுத்தை இருமடங்கு பெரிதாக்கிப் பாருங்கள், பொத்தான்கள் ஒளிந்துகொள்கின்றனவா என்று தெரியும். மவுசைத் தொடாமல் டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டே போய் விண்ணப்பத்தை முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். பார்வையற்றவர் ஒருவரால் அதை நிரப்ப முடியுமா என்பதற்கு இது முதல் சோதனை. தமிழுக்கு ‘கொள்ளிடம்’, ‘ஸ்ரீ’, ‘கௌரி’ மூன்றையும் அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். கௌரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: ‘ௌ’ குறிக்குப் பதிலாகக் கொம்பும் ‘ள’ எழுத்தும் சேர்த்து அடித்திருந்தால் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும், கணினிக்கோ அது வேறு பெயர். பட்டாவில் ஒன்றும் வங்கியில் ஒன்றும் இருந்தால் தேடலில் சிக்காது. இது பிரவுசரின் பிழையல்ல, பதிவு செய்தவரின் பிழை. திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய பிரவுசரால் வரும் கேடு பக்கம் உடைவதோடு நிற்பதில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் அதற்கு வருவதில்லை. அந்தக் கணினியில்தான் நூற்றுக்கணக்கானவர்களின் ஆதாரும் வங்கி எண்ணும் ஓடிபியும் ஏறுகின்றன. “உங்கள் பிரவுசர் காலாவதியாகிவிட்டது, இங்கே அழுத்தவும்” என்று ஒரு பக்கத்தின் நடுவில் குதித்து வரும் அறிவிப்பை ஒருபோதும் அழுத்தாதீர்கள். புதுப்பிப்பை மெனுவுக்குள் போய்த்தான் செய்ய வேண்டும். பிஎம் கிசான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பும் அதே ரகம். கடைக் கணினியில் கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

உரிமைக்கு வருவோம். “வேற பிரவுசர்ல போட்டுக்குங்க” என்று ஒரு அரசுத் தளம் உங்களைத் திருப்பி அனுப்புவது சலுகை மறுப்பல்ல, கடமை தவறுதல். இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-லேயே வந்துவிட்டன, மூன்றாம் பதிப்பு 2023-ல் வந்தது. தளம் பல பிரவுசர்களில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், தளத்துக்குப் பொறுப்பான வலைத் தகவல் மேலாளரின் தொடர்பு விவரம் தளத்திலேயே இருக்க வேண்டும் என்கின்றன அந்த நெறிகள். மாற்றுத்திறனாளிகளுக்கு இன்னும் வலுவான பிடி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி அரசும் தனியாரும் தரும் சேவைகள் அணுகத்தக்கவையாக இருந்தாக வேண்டும். தரநெறிகளை வெறும் பரிந்துரையாக விடக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-ல் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30-ல், பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிபதிகள் பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் தீர்ப்பளித்தார்கள். கிராமத்து மக்களையும் முதியவர்களையும் அந்தத் தீர்ப்பு சேர்த்தே பேசுகிறது.

புகார் எங்கே கொடுப்பது என்பதைவிட எப்படிக் கொடுப்பது என்பது முக்கியம். “சைட் ஓபன் ஆகல” என்று எழுதினால் “இப்போது சரியாக உள்ளது” என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். உடைந்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட்டாக, அதாவது திரையில் தெரிவதை அப்படியே படமாக, எடுங்கள். தேதி, நேரம், பிரவுசரின் பெயர், பதிப்பு எண் நான்கையும் அதோடு எழுதுங்கள். இன்னொரு பிரவுசரில் திறந்த படமும் சேர்ந்தால் மறுக்கவே முடியாது. முதலில் வலைத் தகவல் மேலாளருக்கு அனுப்புங்கள். மாநில அரசுச் சேவை என்றால் முதல்வரின் உதவி எண் 1100 இருக்கிறது. மத்திய அரசுத் தளமென்றால் அதன் பொதுக் குறைதீர்ப்புத் தளத்தில் பதியலாம். பயிர்க் காப்பீட்டுக்கு 14447. மயிலாடுதுறை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் நாளிலும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்திலும் அதே படங்களை அச்செடுத்து மனுவோடு கொடுக்கலாம். பத்து ரூபாய்க்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்வி கேட்கலாம்: இந்தத் தளம் எந்தெந்தப் பிரவுசரில், எப்போது சோதிக்கப்பட்டது? தரச் சான்று இருக்கிறதா? முப்பது நாளில் பதில் வர வேண்டும், தமிழிலேயே கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில ஆணையர் இருக்கிறார். வங்கிச் சேவை என்றால் வங்கியிடம் கொடுத்து முப்பது நாள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

காப்பீட்டுக்கு ஒரே வழியை நம்பி இருக்காதீர்கள். பொதுச் சேவை மையத்தில் முடியாவிட்டால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் வங்கியிலும் பதியலாம். சேவை மையம் நடத்தும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அக்டோபரிலேயே ஒரு நாள் கடைக் கணினியின் பிரவுசரைப் புதுப்பித்து, இரண்டாவதாக ஃபயர்ஃபாக்ஸும் போட்டு, காப்பீட்டுத் தளத்தை இரண்டிலும் திறந்து பார்த்து வையுங்கள். ஒரு மணி நேர வேலை. வரிசையில் நிற்பவரிடம் “சர்வர் இல்லீங்க” என்று சொல்வதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.